பாண்டியன் கொடிக்கு ஒரு கெண்டை

பம்பாய்க்குப் போகிறவர்கள் வேலை தேடிப் போவார்கள். இல்லாவிட்டால் வேலை கிடைத்தவரைப் பார்க்கப் போவார்கள். நான் நெடுஞ்செழிய பாண்டியனுக்குக் கிரீடம் கொண்டுபோனேன்.

என் அத்திம்பேர் ராமசேஷன் மாதுங்காவாசி. பகலில் ஆபீஸில் ஹெட் கிளார்க், சாயங்காலம் அங்குள்ள தமிழ் சபைக்குக் காரியதரிசி. பொங்கலை ஒட்டி சபையில் தலையாலங்கானத்துப் போரை நாடகமாகப் போட ஏற்பாடு செய்திருந்தார். பம்பாயில் கிடைக்கிற கிரீடமெல்லாம் ராமலீலாவுக்குத்தான் லாயக்கு, மதுரைப் புதுமண்டபத்தில் நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு நீயே வந்துவிடு என்று எனக்குச் சொல்லியனுப்பினார். சரித்திரத்தில் பி.ஏ. பாஸ் செய்துவிட்டு வீட்டில் ஊஞ்சலைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு வேறென்ன வேண்டும்? அதிலும் பாண்டியன் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சங்க காலத்திலும் இருந்தான், பல்லவன் வந்தபோதும் இருந்தான், சோழன் மிதித்தபோதும் இருந்தான், மதுரை கைவிட்டுப் போன பிறகும் தென்காசிப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தான். இப்படித் தாக்குப்பிடித்த வம்சம் வேறு ஏது என்று போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்கிற வயசு. என் பெயர் வேறு சுந்தரம். அதிலேயே எனக்குப் பாதி உரிமை வந்துவிட்டதாக நினைப்பு.

மூன்றாம் வகுப்பில் கிரீடத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குண்டக்கல்லில் ஏறிய கன்னடத்து வியாபாரி ஒருவர் அது என்ன பலாப்பழமா என்று விசாரித்தார். அவிழ்த்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்தார். பொருந்திவிட்டது. அப்புறம் பூனா வரைக்கும் பெட்டியிலிருந்த அத்தனை பேரும் அவரை 'மகாராஜ்' என்றே கூப்பிட்டார்கள். இடநெருக்கடியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினோம். மகாராஜ் மட்டும் கால் நீட்டிப் படுத்தார்.

வியாழக்கிழமை மாதுங்கா வந்து சேர்ந்தேன். தெருவில் நடந்தால் ஏதோ மயிலாப்பூரைப் பெயர்த்து, மூன்று மாடியாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. ஜன்னலுக்கு ஜன்னல் காப்பி வறுக்கிற வாசனை. ஒரு வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கீழே பூக்காரி மராட்டியில் பேரம் பேச, மேலேயிருந்து ஒரு மாமி தமிழிலேயே பதில் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிகிறது. நான் பரீட்சை எழுதிப் பாஸ் செய்த ஹிந்திதான் யாருக்கும் புரியவில்லை. டிராம் கண்டக்டரிடம் சுத்தமான ஹிந்தியில் டிக்கெட் கேட்டேன். அவர் சாமியாரைக் கண்டதுபோல் என்னைக் கும்பிட்டார்.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அக்கா விசாலம் போட்ட சோறு கொட்டை கொட்டையாக, கோணி வாசனையோடு இருந்தது. அதற்கு அவள் வைத்த மிளகு ரசத்தின் முன்னால் அந்தக் கோணி வாய் திறக்கவில்லை. மதுரையில் நல்ல அரிசிக்கு இப்படி ஒரு ரசம் கிடைத்ததில்லை என்று சொன்னேன். "ஊருக்குப் போய் அம்மாகிட்ட இதைச் சொல்லாதே" என்றாள் அக்கா.

சாப்பிட்டதும் அத்திம்பேர் பெருமையோடு பீரோவைத் திறந்து பாண்டியன் கொடியை எடுத்து விரித்தார். துணிக்கும் தட்டுப்பாடு, இரண்டு வேஷ்டியைச் சேர்த்துத் தைத்து மஞ்சள் தோய்த்திருந்தார்கள். அதில் ஜோராக இரண்டு மீன்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் என்றால் நீளமாக, ஒல்லியாக, மீனாட்சியம்மன் கண் மாதிரி இருக்க வேண்டாமோ? இவை இரண்டும் வட்டமாக, தட்டையாக, பனையோலை விசிறிக்கு வால் வைத்ததுபோல் இருந்தன. வெள்ளி வெள்ளியாக மின்னின. சின்ன வாயைக் குவித்துக்கொண்டு ஒன்றையொன்று பார்த்தன.

"இது கெண்டையில்லை, அத்திம்பேர்."

"மீன்தானேடா?"

"பாண்டியனுக்குக் கயல். கயல்னா கெண்டை. காசுலேயும் கல்லுலேயும் நான் பார்த்திருக்கேன். இப்படி அப்பளாம் மாதிரி ஒரு மீனை எந்தப் பாண்டியனும் வச்சுண்டதில்லை."

அத்திம்பேர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார்? தாராவியில் சினிமா போர்டு எழுதுகிற கேசவ் என்பவரிடம் துணியைக் கொடுத்து, ராஜாவின் கொடி, இரண்டு மீன் போடு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மீனைப் பற்றி மேற்கொண்டு எதையும் சொல்ல அவருக்கு ஏழு தலைமுறையாக வாய்ப்பில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கொடியைச் சுருட்டிக்கொண்டு தாராவிக்கு நடந்தேன். கூப்பிடு தூரம்தான். ஆனால் ரயில் பாதையைத் தாண்டியதும் மயிலாப்பூர் முடிந்து திருநெல்வேலி ஆரம்பிக்கிறது. தோல் பதனிடுகிற வாடை முதலில் மூக்கை அடைத்தது; அதற்குள்ளிருந்து யாரோ நல்லெண்ணெயில் பூண்டு வதக்குகிற வாசனை வந்து காப்பாற்றியது. சந்துக்குச் சந்து 'ஏல', 'வே' என்று கூப்பாடு. மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, மதுரைக்குத் தெற்கே போய்விட்டேன்.

நாடகம் போடுகிறவர்கள் இங்கேதான் இருந்தார்கள். தோல் ஷாப்பில் வேலை செய்கிற இசக்கிமுத்துதான் பாண்டியன். கால் சலங்கையை அப்போதுதான் கழற்றிய பையனாகப் போருக்குப் போனவன் அந்த நெடுஞ்செழியன். இசக்கிமுத்துவுக்கு நாற்பது வயதும், இரண்டு எலுமிச்சம்பழம் நிற்கிற மீசையும். நான் மீசையைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"மீசய எடுக்கச் சொல்லிராதிய தம்பி. இது இல்லன்னா குரல் வராது" என்றார். பம்பாய் வந்த பிறகு யாரையும் சாமி என்று கூப்பிடுவதை விட்டாகிவிட்டது என்றும், எல்லாரும் அண்ணாச்சி அல்லது தம்பிதான் என்றும் சேர்த்துச் சொன்னார். நான் அண்ணாச்சி என்றேன். சுக்குக் காப்பி வந்தது.

வருஷா வருஷம் அவர்கள் கோயில் கொடைக்குத் தாராவிச் சந்தில் நாடகம் போடுவார்களாம். போன வருஷம் அத்திம்பேர் தற்செயலாகப் பார்த்துச் சொக்கிப்போய், சபை மேடைக்கு இவர்களைக் கூப்பிட வேண்டும் என்று கமிட்டியில் சண்டை போட்டிருக்கிறார். தோல் ஷாப்பு ஆட்களுக்குச் சரித்திர நாடகம் என்ன தெரியும் என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம். கடைசியில் தலைவர் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்றாராம்.

கொடியை விரித்தேன். இசக்கிமுத்து குனிந்து பார்த்தார். காப்பியைக் கீழே வைத்தார்.

"பாப்லட்டுல்லா போட்டுருக்கான்" என்றார். வாவல் மீனைத்தான் பம்பாயில் அப்படிச் சொல்கிறார்கள். "தம்பி, நாங்க வசனத்த மறந்தாக்கூட சமாளிச்சுருவோம். கொடி ஏறையில சிரிச்சுட்டாவன்னா போச்சு. 'பாத்தியா, சொன்னேம்லா'ம்பாவ. பொறவு அந்தப் படியில எங்கள ஏறவிட மாட்டாவ" என்றார்.

அதற்கப்புறம் எனக்குப் பாண்டியன் மரியாதை இரண்டாம் பட்சமாகிவிட்டது.

இரண்டு பேருமாகக் கேசவைத் தேடிப் போனோம். மாஹிம் கழிமுகத்தை ஒட்டி மீனவர்களான கோளிகளின் குடிசைகள். வாசலில் ஒரு சினிமா நாயகியின் ஒற்றைக் கண் மட்டும் ஆள் உயரத்துக்குச் சாய்ந்திருந்தது. பக்கத்தில் கேசவ் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பம்பாய் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"ராஜாவுக்கு மீன் என்று துணி கொடுத்த சேட் சொன்னார். ராஜாவுக்குப் பாப்லட் போடாமல் பின்னே நெத்திலியா போடுவேன்?"

மரியாதை தெரிந்த மனிதர்.

அது கெண்டையாக இருக்க வேண்டும், ஆற்று மீன் என்று விளக்கினேன். சரி, மாற்றிவிடலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டு, கரியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "முதுகுத் துடுப்பு எங்கே ஆரம்பிக்கும்? வாய் மேலேயா, கீழேயா? மீசை உண்டா?"

சரித்திரத்தில் முதல் வகுப்பு வாங்கிய நான் உயிருள்ள கெண்டையைப் பார்த்ததே இல்லை. எங்கே பார்ப்பது? வீட்டில் பேச்சே கிடையாது. வைகையில் தண்ணீரே கிடையாது. கோயிலுக்குப் போனால் பொற்றாமரைக் குளத்தில் மீனே கிடையாது. மீன் தின்னாமல் தவமிருந்த நாரைக்குச் சிவன் கொடுத்த வரம் என்று சொல்வார்கள். மீனாட்சி ஊரில் பிறந்து மீன் தெரியாமல் வளர்ந்திருக்கிறேன்.

இசக்கிமுத்துவைப் பார்த்தேன். அவர் தாமிரபரணிக் கெண்டையைக் குழம்பிலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் தையற்காரர் அருளப்பன் வந்து சேர்ந்தார், நாடகத்தில் மந்திரி. கெண்டைக்கு மீசை உண்டு என்றார் மந்திரி; கிடையவே கிடையாது என்றார் பாண்டியன். "நீரு தின்னது கெளுத்தியா இருக்கும்வே." "ஆமா, இவருதான் ஆத்துக்குள்ள குடியிருந்தவரு." இருவரும் சொன்னதையெல்லாம் கேசவ் வரைந்துகொண்டே போனார். கடைசியில் பார்த்தால் மீசை வைத்த வாழைப்பூ ஒன்று வந்திருந்தது.

"எனக்கு மீன் வேண்டும். இந்தப் பேச்சு வேண்டாம்" என்றார் கேசவ்.

கடல் சூழ்ந்த ஊரில் கடல் மீன் வண்டி வண்டியாகக் கிடைக்கிறது. ஒரு கெண்டைக்கு எங்கே போவது? செம்பூரில் குளம் இருக்கிறது, அங்கே ரயில்வே கூலிக்காரர்கள் மீன் பிடிப்பார்கள் என்று அருளப்பனுக்கு யாரோ சொன்ன ஞாபகம்.

சனிக்கிழமை காலை. உயிரோடு கொண்டுவர ஒரு பாத்திரம் வேண்டுமே! அக்கா குளிக்கப் போன சமயம் பார்த்து, அவள் கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் கூஜாவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ரயிலில் கூஜாவோடு போகிற மதராஸியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது என் கணக்கு.

இசக்கிமுத்துவும் கூட வந்தார். குர்லா வரைக்கும் மின்சார வண்டி. அங்கிருந்து செம்பூருக்குக் கரி வண்டி. மின்சார வண்டியில் உட்கார்ந்து தலைவாரிய நான் கரி வண்டியிலிருந்து இறங்கும்போது சுந்தரமாக இல்லை. செம்பூர் பம்பாய் மாதிரியே இல்லை. மாமரம், காய்கறித் தோட்டம், கொக்கு. இசக்கிமுத்து மூச்சை இழுத்துவிட்டு, தோல் நாற்றமில்லாத காற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்போல் நடந்தார்.

குளத்தில் ஒரு பெண்பிள்ளை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பொன்னம்மா என்று பெயர்; சேலத்துப் பக்கம்; புருஷனுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. வந்த காரியத்தைச் சொன்னதும் துவைப்பதை நிறுத்திவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு கெண்டைக்கு ரெண்டு ஆம்பளைங்க, ஒரு கூஜாவா?"

"ராசா கொடியில எழுதணும் தாயி" என்றார் இசக்கிமுத்து.

"எந்த ராசா?"

"நாந்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்துவிட்டது. துவைத்த சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கச் சொன்னாள். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பி.ஏ. இறங்கியது. சேலையைத் தாழ்த்தி, அரித்து, தூக்கினோம். முதலில் பாசி. அடுத்து ஒரு செருப்பு. அதற்கடுத்து, சேலையின் நடுவில், ஒரு முழு வெயில் துள்ளியது.

கையளவு நீளம். முதுகு பச்சை, வயிறு பொன். கண் மட்டும் வட்டமாக, தங்க விளிம்போடு என்னைப் பார்த்தது. காசில் தேய்ந்தும் கல்லில் சிதைந்தும் பார்த்த அதே வளைவுதான். ஆனால் காசிலும் கல்லிலும் அது இப்படித் துடித்ததில்லை. நான் குளத்தில் நின்றபடியே கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

இசக்கிமுத்து மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "தாமிரவருணிக் கெண்டைக்கு மூக்கு இப்படி இருக்காதே."

"அப்ப தாமிரவருணிக்கே போயிப் புடிச்சுக்கய்யா" என்று பொன்னம்மா சேலையை உதறப் போனாள். பாண்டியன் அவசரமாகச் சமாதானம் செய்துகொண்டான். மீனுக்கு விலையாக அவள் கேட்டது ஒன்றுதான்: தன்னை நாடகத்துக்குக் கூப்பிட வேண்டும், பின்னால் இல்லை, முகம் தெரிகிற இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அத்திம்பேர் தலையில் சத்தியம் செய்தேன்.

கெண்டை தலைகீழாகக் கூஜாவுக்குள் இறங்கியது. திருகுமூடியைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினோம்.

குர்லாவுக்கு அப்புறம்தான் விபத்து. எதிரே கறுப்புத் தொப்பி வைத்த மராட்டிய குமாஸ்தா ஒருவர், பொட்டலத்திலிருந்து வேர்க்கடலையாகத் தின்றுகொண்டு வந்தவர், விக்கலெடுத்து என் கூஜாவைக் காட்டிக் கொஞ்சம் தண்ணீர் என்றார். தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் சுத்தமில்லை என்றேன், என் பரீட்சை ஹிந்தியில். அவருக்கு அது வேறு மாதிரிப் பட்டிருக்க வேண்டும். உங்கள் பாத்திரத்தை நான் தொடக்கூடாதோ என்று அவர் முகம் சிவந்தது. பெட்டியே என்னை முறைத்தது. இசக்கிமுத்து மெதுவாக, "திறந்து காட்டிருங்க தம்பி, மானம் போவுது" என்றார்.

திறந்தேன். குமாஸ்தா எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து பாண்டியன் சின்னம் ஒரு துள்ளுத் துள்ளி அவர் மூக்கில் தண்ணீர் அடித்தது. விக்கல் நின்றுவிட்டது. அப்புறம் பெட்டியில் எல்லாரும் வரிசையாக வந்து கூஜாவுக்குள் பார்த்தார்கள். இதை உயிரோடு தின்பீர்களா என்று ஒருவர் கேட்டார். ராஜாவின் கொடியில் வரைய என்றேன். எந்த ராஜா என்றார்கள். இசக்கிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். மாதுங்காவில் இறங்கும்போது குமாஸ்தா பொட்டலத்தில் மீதமிருந்த கடலை முழுவதையும் அவருக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்.

கேசவ் பக்கத்து இரானி டீக்கடையில் பிஸ்கோத்து வைக்கிற கண்ணாடி ஜாடியை இரவல் வாங்கி, கெண்டையை அதில் விட்டார். அதன் எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு பழைய மீனின்மேல் வெள்ளை பூசி, காயவைத்து, ஆரம்பித்தார். நாங்கள் பாவ் ரொட்டியும் வெண்ணெயும் டீயுமாக அங்கேயே தவம் கிடந்தோம். வெயில் சாய்வதற்குள் கொடியின் இடப் பக்கத்தில் ஒரு கெண்டை நீந்தியது. அசல் கெண்டை. நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

"அடுத்தது?"

"வெள்ளைப் பெயிண்ட் தீர்ந்துவிட்டது" என்றார் கேசவ், தூரிகையைத் துடைத்தபடி.

டப்பாவின் அடியில் இன்னும் இருந்தது, நான் பார்த்தேன். ஆனால் அவர் அந்த மிச்சமிருந்த பாப்லட்டைப் பார்த்த பார்வையையும் பார்த்தேன். அதன் ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாகப் போட்டிருந்தார். நான் எவ்வளவோ வாதாடினேன். இசக்கிமுத்து என் தோளைத் தட்டி, போகட்டும் என்று கையசைத்துவிட்டார். அந்தப் பக்கத்தை மடிப்பில் மறைத்துக் கட்டிவிடலாம் என்று அருளப்பன் யோசனை சொன்னார்.

மாடலாக உட்கார்ந்தவனைக் குழம்பு வைக்கக் கூடாது என்று கேசவ் சொல்லிவிட்டதால், கெண்டையை எங்கள் கட்டடத்துக் கிணற்றில் விட்டோம். குஜராத்திக்கார வீட்டுச் சொந்தக்காரர் ஜீவகாருண்யம் என்று கண் கலங்கினார். அக்கா மட்டும் கூஜாவைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்த ஒரு செதிலை விரல் நுனியால் எடுத்து என் முன் நீட்டினாள். புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சரிகை அங்கவஸ்திரங்கள். அவற்றுக்கு நடுவே சத்தியப்படி பொன்னம்மா, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. பின்னால் தாராவியே நின்றது. அதற்கும் பின்னால், கேசவ் கூட்டி வந்த கோளிகள். என் கிரீடம் இசக்கிமுத்துவின் தலையில் விளக்கொளியில் ஜொலித்தது. அரசவை. முரசு. கொடி ஏறியது.

மடிப்பு பிரிந்துவிட்டது.

மஞ்சள் துணி முழுசாக விரிந்து, இடப் பக்கம் கெண்டையும் வலப் பக்கம் பாப்லட்டுமாகத் தொங்கியது. ஹால் ஒரு நிமிஷம் பார்த்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்றார். அது பக்கத்து நாற்காலிக்குத் தாவியது. பக்கவாட்டில் நின்ற அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டார்.

இசக்கிமுத்து சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். எழுதிய வசனத்தில் அங்கே அவர் எழக் கூடாது. கொடியைப் பார்த்தார், சிரித்த பக்கத்தைப் பார்த்தார், சந்து நாடகத்தில் பழகிய அந்தக் குரலை எடுத்தார்.

"அமைச்சரே, நம் கொடியில் இரண்டு மீனும் இரண்டு விதமாக இருக்கின்றன என்று அவையில் யாரோ நகைக்கிறார்கள். சொல்லும் அவர்களுக்கு. ஒன்று வைகை மீன். மற்றது கடல் மீன். ஆற்றங்கரையில் நாற்று நடுகிறவனும் என் குடி; கொற்கைக் கடலில் மூச்சடக்கி முத்தெடுக்கிறவனும் என் குடி. ஒருவனை மட்டும் கொடியில் எழுதினால், நாளை தலையாலங்கானத்துக்கு மற்றவன் எதற்காக வருவான்?"

அருளப்பனுக்கு அந்த இடத்தில் வசனமே கிடையாது. "உத்தரவு மன்னா" என்றார், இடுப்பு வரை குனிந்து.

முதலில் தாராவி தட்டியது. சொன்னது புரியாவிட்டாலும் பாப்லட் புரிந்த கோளிகள் சீட்டியடித்தார்கள். அப்புறம் முன்வரிசையில் தலைவர் கை தட்டினார். அங்கவஸ்திரங்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. களுக்கென்றவர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். பொன்னம்மா மேடையைக் காட்டி, "நம்ம கொளத்து மீனு" என்று பக்கத்திலிருந்த மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேரன் தோற்றான், சோழன் தோற்றான், வேளிர் ஐவரும் தோற்றார்கள். பாண்டியன் கொடியில் வாவல் மீன் இருந்ததற்குச் சரித்திரத்தில் ஆதாரம் கிடையாது. என்னைப் பரீட்சையில் கேட்டால் இல்லை என்றுதான் எழுதுவேன். அன்றைக்கு என் உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன.

நாடகம் முடிந்து எல்லாரும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். தலைவர் இசக்கிமுத்துவிடம் வந்து, அடுத்த பொங்கலுக்கும் நீங்கள்தான், அப்போது சோழன் போடுங்கள் என்றார். இசக்கிமுத்து, நின்ற படியைக் காலால் இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். கேசவ் என் பக்கம் திரும்பி, சோழன் கொடியில் என்ன என்று கேட்டார். புலி என்றேன்.

"ராணி பாக் மிருகக்காட்சிசாலையில் ஒன்று இருக்கிறது" என்றார் கேசவ் யோசனையோடு. "ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு வரும்."

நாங்கள் எல்லாரும் யோசிக்க ஆரம்பித்தோம். அக்கா என் காதைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இப்பவே சொல்லிட்டேன். புலிக்கு என் ஆத்துலேர்ந்து ஒரு பாத்திரம் தர மாட்டேன்."